நோயாளியின் அந்தரங்கமும் ஆஸ்பத்திரியின் கௌரவமும்

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஓலேத்தா நகரத்து மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்காகச் சென்றிருந்த நர்ஸிங் மாணவியருக்கு, பிரசவத்தில் வெளிவந்த நஞ்சுக்கொடி ஒன்றைத் தட்டில் வைத்து, அதன் அமைப்பைக் காட்டிப் பாடம் நடத்தினார்கள். மாணவியர் சிலர், ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு, அந்தத் தட்டின் அருகே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. சொன்னவுடன் அது அகற்றப்பட்டுவிட்டது என்றாலும், அவர்கள் படித்த ஜான்சன் கவுண்டி சமுதாயக் கல்லூரி நால்வரைப் படிப்பிலிருந்தே நீக்கியது. அவர்களில் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். 2011 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி எரிக் மெல்கிரன் அளித்த தீர்ப்பு மாணவிக்குச் சாதகமாக அமைந்தது. படமெடுக்க அனுமதித்தால் அந்தப் படம் பிறர் பார்வைக்குப் போகும் என்பதும் அந்த அனுமதிக்குள் அடக்கம் என்றும், தாய் யார் என்று காட்டும் குறி எதுவும் படத்தில் இல்லை என்றும், மாணவியின் பக்கத்தை முறையாகக் கேட்டறியாமலே தண்டனை விதிக்கப்பட்டது என்றும் கூறி, அவரை மீண்டும் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி அவர் உத்தரவிட்டார்.

தீர்ப்பு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அந்தப் படத்தைப் பற்றி எனக்குள்ள சங்கடம் அதனால் தீர்ந்துவிடவில்லை. அந்த வாரத்தில் அந்த ஊரில் பிள்ளை பெற்ற ஒரு தாய் அதைப் பார்த்திருந்தால், தன் உடலிலிருந்து பிரிந்த ஒன்று பிறருடைய சிரிப்புக்கு நடுவே இருந்ததோ என்று அவள் மனம் குன்றியிருக்கமாட்டாளா? சட்டம் கேட்பது, அடையாளம் தெரிந்ததா என்ற கேள்வியை. செவிலித் தொழில் கேட்கவேண்டியது, என்னிடம் தன்னை ஒப்படைத்தவள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்ற கேள்வியை. அதே சமயத்தில், கல்லூரி அந்த மாணவியர்மேல் கொண்ட கோபம் முழுவதும் அந்தத் தாயின் பொருட்டு எழுந்ததுதானா, அல்லது ஸ்தாபனத்தின் பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சமும் அதில் பெரும்பங்கு வகித்ததா என்பதும் விசாரிக்கத் தக்கது. செவிலியரும் செவிலி மாணவியரும் சமூக ஊடகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வகுக்கப்படும் விதிகளில், நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது, ஆஸ்பத்திரியின் கௌரவத்தைக் காப்பது என்ற இரண்டு வேறு விஷயங்கள் ஒரே கயிற்றில் முடிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் உத்தேசம்.

செவிலியர் நாவடக்கம் பேணவேண்டும் என்பது ஃபேஸ்புக் வந்த பிறகு பிறந்த விதியன்று. 1859இல் வெளிவந்த தம்முடைய 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' என்னும் நூலிலேயே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், நோயாளியைப் பற்றிக் கேட்க உரிமை இல்லாதவர்களுக்குச் செவிலி பதில் சொல்லலாகாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறார். 1893இல் டெட்ராய்ட் நகரத்து ஃபாரண்ட் பயிற்சிப் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டரின் தலைமையிலிருந்த குழு ஓர் உறுதிமொழியை இயற்றி, அதற்கு நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. தொழில் காரணமாகத் தெரியவரும் நோயாளியின் சொந்த விஷயங்களையும் அவர் குடும்பத்தின் விவகாரங்களையும் ரகசியமாகக் காப்பேன் என்ற வாக்கு அதில் அடங்கியிருக்கிறது. நம் ஊர் நர்ஸிங் கல்லூரிகளில் விளக்கேற்றும் விழாவின்போது, முதலாண்டு மாணவியர் கையில் தீபத்தை ஏந்தி நின்று சொல்வதும் அதன் வழிவந்த உறுதிமொழிதான்.

இந்த வாக்கு மருத்துவரைக் காட்டிலும் செவிலியை ஏன் அதிகமாகக் கட்டுகிறது என்பது வார்டில் ஓரிரவு தங்கியவர்களுக்கு விளங்கும். மருத்துவர் ரவுண்ட்ஸ் வருகிறார், கேஸ் ஷீட்டைப் பார்க்கிறார், இரண்டு வார்த்தை கேட்கிறார், போகிறார். படுக்கையில் சிறுநீர் கழித்துவிட்ட முதியவர், தம் மகளுக்கும் தெரியவேண்டாம் என்று அந்த வெட்கத்தை ஒப்படைப்பது நைட் டூட்டியிலிருக்கும் சிஸ்டரிடம். கணவன் அடித்ததால் வந்த காயத்தைப் படியில் விழுந்ததாக எல்லோருக்கும் சொன்னவள், கட்டு மாற்றும் வேளையில் உண்மையைச் சொல்வதும் அவரிடம்தான். உடலைத் துடைத்துவிடுகிறவரிடமிருந்து எதையும் ஒளிக்க முடியாது. ஒளிக்க முடியாத நிலையில் இருக்கும் மனிதருக்கு, பார்த்தவர் பிறரிடம் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை ஒன்றே ஆடை. அந்த நம்பிக்கை போய்விட்டால் அடுத்த நோயாளி தம் நோயை மறைப்பார். மறைத்த நோய்க்குச் சிகிச்சை செய்ய முடியாது. ஆகவே ரகசியம் காப்பதைச் சிகிச்சையின் ஓர் அங்கம் என்றே கொள்ளவேண்டும்.

பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும், ரகசியம் காத்தாயிற்று என்ற எண்ணம் மாணவியரிடையே பரவலாக இருக்கிறது. தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட 'ஹிப்பா' சட்டத்தின் கீழ் அமைந்த விதிகள், ஒரு மருத்துவக் குறிப்பிலிருந்து இன்னார் என்று கண்டுபிடிக்க இடமில்லாமற் செய்வதற்கு நீக்கவேண்டிய அடையாளங்களை 18 வகையாகப் பிரித்திருக்கின்றன. பெயர் அவற்றுள் ஒன்று மாத்திரமே. மாநிலத்தைவிடச் சிறிய இடத்தின் பெயர், வருஷத்தைத் தவிர்த்த தேதி, முகம் முழுவதும் தெரியும் புகைப்படம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. 89 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக்கூடக் குறிப்பிடக் கூடாது. அத்தனை வயது வரை வாழ்பவர் சிலரே ஆதலால், வயதே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற நுட்பமான யோசனை அதன் பின்னால் இருக்கிறது. நம்முடைய சிறு நகரங்களில் இந்த யோசனை இன்னும் அதிகமாகப் பொருந்தும். நேற்றிரவு புறவழிச்சாலை விபத்தில் வந்த கல்லூரிப் பையன் என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டால், பெயர் இல்லாமலே அவன் தெரு முழுவதும் அவனை அறிந்துகொள்ளும்.

அமெரிக்காவில் மாநில நர்ஸிங் வாரியங்களின் தேசியக் குழுமம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு மாதிரி நிகழ்ச்சி விவரிக்கப்பட்டிருக்கிறது. படித்த நாள் முதல் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. இருபது வயது மாணவி ஒருத்தி, ரத்தப் புற்றுநோயால் சிகிச்சை பெற்றுவந்த மூன்று வயதுச் சிறுவனைச் சில நாள் கவனித்துக்கொள்கிறாள். அவன் தைரியத்தைக் கண்டு உருகிப்போய், அவனுடைய தாய் காப்பி குடிக்கப் போயிருந்த நேரத்தில், அவனையே கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுக்கிறாள். அன்றிரவு அதை ஃபேஸ்புக்கில் போட்டு, இவனைப் போன்ற குழந்தைகளுக்குப் பணிசெய்யும் தொழிலில் இருப்பது தனக்குப் பெருமை என்று எழுதுகிறாள். படத்தின் ஓரத்தில் அறை எண் தெரிகிறது. மூன்று நாளில் அவள் நிர்வாகத்தின்முன் அழைக்கப்படுகிறாள். அவள் படிப்பு பறிபோகிறது. அந்தக் குழந்தைகள் பிரிவில் அவளுடைய கல்லூரி மாணவியர் எவருக்கும் பயிற்சிக்கு இடமில்லை என்று ஆஸ்பத்திரி கதவை அடைத்துவிடுகிறது.

இதில் பரிகாசம் இல்லை, துவேஷம் இல்லை, அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. இருந்தும் தவறு தவறுதான். மூன்று வயதுக் குழந்தையின் தலையசைப்பைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. பெற்றவளைக் கேட்டிருந்தால்கூட, பிள்ளையின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லும் துணிவு எத்தனை தாய்மார்களுக்கு வரும்? நம் அரசு மருத்துவமனை வார்டுகளில், படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் எந்த ஏழைத் தாயும் சரி என்றுதான் சொல்வாள். அந்தச் சரியைச் சுதந்திரமான சம்மதமாக எடுத்துக்கொள்வது தர்மமாகாது. ஆனால் அந்த மாணவியை ஒரேயடியாகத் தூக்கி எறிந்ததும் எனக்கு உடன்பாடில்லை. உருகும் நெஞ்சம் அந்தத் தொழிலுக்கு வேண்டிய மூலதனம்; அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்பதை அவளுக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை.

இது அபூர்வமான சங்கதியும் அல்ல. அதே குழுமம் 2010இல் வாரியங்களைக் கேட்டபோது, பதில் அளித்த 46 வாரியங்களுள் 33, செவிலியர் சமூக வலைத்தளங்களில் நோயாளிகளின் படத்தையோ விவரத்தையோ வெளியிட்டதாகப் புகார் வந்திருப்பதாகத் தெரிவித்தன; 26 வாரியங்கள் நடவடிக்கை எடுத்திருந்தன. தனிப்பட்ட குழு, நண்பர்கள் மட்டும், இருபத்துநாலு மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸ் என்பவையெல்லாம் பாதுகாப்பென்று நம்பி ஏமாந்தவர்கள் அநேகர். பார்க்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டால், அழித்தவருக்கு அதன்மேல் யாதொரு அதிகாரமும் மிஞ்சுவதில்லை.

எழுதிக்கொடுத்த வாக்கின் வலிமையை அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழக வழக்கு காட்டுகிறது. அங்கே நர்ஸிங் மாணவி ஒருவர், பாடத்தின் ஒரு பகுதியாக ஒரு கர்ப்பிணியின் பிரசவத்தை உடனிருந்து கவனித்து, 2009இல் அதைப் பற்றி மைஸ்பேஸ் தளத்தில் கேலியாக எழுதினார். பெண்ணின் பெயர் இல்லை. ஆயினும் பிரசவ வேதனையும் அதன் போக்கும் விவரமாக இருந்தன. பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. பெயர் வெளிப்படவில்லை என்று கூறி மாவட்ட நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2011இல் மேல்நீதிமன்றம் தள்ளியது. கடைசியில் 2013இல், நோயாளியின் விவரங்களை வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட்டிருந்த அவருடைய பேச்சுரிமை வாதம் எடுபடாமலே வழக்கு முடிந்தது. அந்தத் தாய் தன் பிரசவத்தில் ஓர் அந்நியப் பெண்ணை உடனிருக்க அனுமதித்ததே, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியை நம்பித்தான். அந்த உறுதி இல்லையென்றால் மாணவிக்குப் பாடமும் இல்லை. ஆகவே இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. மின்னசோட்டா மாநிலத்தில் வேறொரு மாணவர், சக மாணவரைப் பற்றி ஃபேஸ்புக்கில் கொட்டிய ஆத்திர வார்த்தைகளுக்காக நீக்கப்பட்டு, 2016இல் மேல்நீதிமன்றத்திலும் தோற்றார். நோயாளி சம்பந்தமே இல்லாத அந்த வழக்கில் தொழிற்பண்பு என்ற சொல்லுக்கு எல்லை எங்கே என்ற சந்தேகம் எழுகிறது. தீர்ப்பளித்த நீதிபதிகளுக்குள்ளேயே அதில் ஒருமனம் இருக்கவில்லை.

இந்த எல்லைப் பிரச்சினையைத் தெளிவாக எடுத்துரைத்த தீர்ப்பு கனடாவிலிருந்து வந்தது. சஸ்காச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த செவிலியர் ஒருவர், பேறுகால விடுப்பிலிருந்தபோது, மாக்லின் என்னும் சிற்றூரிலுள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் தம் தாத்தாவை இழந்தார். அந்திம காலத்தில் அவருக்குக் கிடைத்த கவனிப்பு போதவில்லை என்ற துக்கத்தோடு, 2015 பிப்ரவரியில் அவர் ஃபேஸ்புக்கில் எழுதினார். நன்றாகக் கவனித்தவர்களைப் பாராட்டினார். எல்லோருக்கும் அந்திமப் பராமரிப்பில் பயிற்சி அளிக்கவேண்டும் என்று கேட்டார். தாம் ஒரு செவிலியர் என்பதையும் சொன்னார். மாகாண சுகாதார அமைச்சரின் கவனத்துக்கும் கொண்டுபோனார். இல்லத்து ஊழியர் புகார் செய்யவே, அவருடைய பதிவுச் சங்கம் தொழில் ஒழுங்கீனம் என்று தீர்மானித்து, 1,000 டாலர் அபராதமும், விசாரணைச் செலவுக்காக 25,000 டாலரும் கட்டும்படி விதித்தது. 2018இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 அக்டோபரில் சஸ்காச்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை முழுவதையும் ரத்துசெய்தது.

அந்த நீதிபதிகள் யோசித்த விதம் நம் கவனத்துக்குரியது. வேலைநேரத்தில், வேலை செய்த இடத்தைப் பற்றி அவர் பேசவில்லை. தாத்தாவை இழந்த ஒரு பேத்தியாகப் பேசினார். பொய் சொன்னார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் மருத்துவ அமைப்பைப் பற்றி விமரிசனம் எழுவது பொதுநன்மைக்கு வேண்டியது. அதுவும் உள்ளேயிருந்து நிலைமையை அறிந்தவர்களிடமிருந்து வரும் விமரிசனம் அமைப்பைச் சீர்திருத்த உதவக்கூடியது. விமரிசிக்கப்பட்டவர்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டது என்ற ஒன்றைக் கொண்டு அவர் வாயை மூடுவது நியாயமாகாது என்பதே தீர்ப்பின் சாரம். லூயிவில் மாணவி வெளியிட்டது தன்னை நம்பிய ஒரு நோயாளியின் கதையை. சஸ்காச்சுவான் செவிலியர் சொன்னது தம் சொந்தக் குடும்பத்தின் குறையை. நாம் அவிழ்க்க முற்பட்ட முடிச்சு இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் தானே அவிழ்கிறது.

2020 மார்ச்சில், நியூயார்க் நகரில் கொரோனாத் தொற்று உச்சத்தை நெருங்கிய நாட்களில், பாதுகாப்பு அங்கி இல்லாமையால் குப்பை போடும் கறுப்புப் பையை உடுத்திக்கொண்டு நின்ற செவிலியர் மூவரின் படம் உலகமெங்கும் பரவிற்று. அந்தப் படத்தில் நோயாளி எவரும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் கௌரவத்துக்கு அது இழுக்காயிருந்திருக்கலாம். ஆனால் அங்கே படுத்திருந்த ஒவ்வொரு நோயாளிக்கும் அது நன்மையாகவே இருந்தது.

நம் நாட்டு நிலைமை இன்னும் முழு உருவம் பெறவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சிலின் நெறிமுறைகளில் ரகசியம் காக்கும் கடமை இருக்கிறது. 2017இல் வந்த மனநல மருத்துவச் சட்டம், சிகிச்சையிலிருப்பவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் நோயாளியின் நிலையை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது குற்றம். பிரிட்டனில் வேலைக்குப் போகும் நம் செவிலியரை, 2015 முதல் நடைமுறையிலுள்ள அந்நாட்டு நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் நெறிமுறை கட்டுப்படுத்துகிறது. சமூக ஊடகத்தைப் பொறுப்புடன் பயன்படுத்தி, பிறர் அந்தரங்கத்தை மதிக்கவேண்டும் என்று அது பெயர் சொல்லியே விதிக்கிறது. தமிழில் எழுதினோம், ஊரிலுள்ளவர்களுக்காக எழுதினோம் என்பது அங்கே சமாதானமாகாது.

2019 ஜூனில் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகளின் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்குள் பாடி ஆடி டிக்டாக் காணொளி எடுத்த செவிலியர் நால்வர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டனர். உயிருக்குப் போராடும் சிசுக்களின் அருகே அது தகாத செயல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிய ஒப்பந்தச் செவிலியர், 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எப்படி வாழ்வது என்று கேட்டதை, அதே தராசில் வைக்கலாகாது. ஒரு வார்டில் எத்தனை படுக்கைக்கு எத்தனை சிஸ்டர்கள் என்பதும், கையுறை தீர்ந்துபோயிற்று என்பதும், சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை என்பதும் நோயாளியின் ரகசியங்கள் அல்ல. தமிழ்நாட்டு அரசுப் பணியிலிருப்பவர்களை 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அரசை வெளிப்படையாக விமரிசிக்க அவர்களுக்குத் தடையுண்டு. தனியார் ஆஸ்பத்திரியிலோ வேலை போய்விடுமே என்ற பயம் அந்தத் தடையைவிட வலியது. ஆகையால் முதலில் நர்ஸிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கொடுப்பதும், நகலை வைத்துக்கொள்வதும், தனியாக நில்லாமல் சங்கத்தின் மூலம் பேசுவதும் விவேகம். மாணவியரைப் பொறுத்தமட்டில், முதல் மரணத்தைப் பார்த்த அன்று மாலை டியூட்டரோ சீனியர் சிஸ்டரோ அவர்களை உட்கார்த்திவைத்துப் பேசவிடும் வழக்கம் கல்லூரிகளில் வந்தால், அந்தப் பாரம் இன்ஸ்டாகிராமைத் தேடிப் போகாது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். தன்வசமுள்ள தரவைக் காக்கத் தவறும் ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. இவ்வளவு பெரிய தொகைக்கு அஞ்சும் நிர்வாகங்கள், செவிலியரும் மாணவியரும் சமூக ஊடகத்தில் எதையுமே எழுதக் கூடாது என்று ஒட்டுமொத்தமாகக் கையெழுத்து வாங்க முற்படும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அப்படியொரு காகிதம் நீட்டப்படும்போது அவர்கள் அதை வரி வரியாகப் படிக்கவேண்டும். நோயாளியின் பெயர், படம், நோய், வந்துபோன நாள் பற்றிய வரிகளுக்குத் தயங்காமல் ஒப்பமிடலாம். ஆள் பற்றாக்குறையையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் சம்பளத்தையும் பற்றிப் பேசக் கூடாது என்ற வரி இருந்தால், இது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்று எழுதிக் கேட்கவேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் தரவைக் காக்க வந்தது. ஆஸ்பத்திரியின் குறையை மறைக்க அதில் ஒரு பிரிவும் கிடையாது.